கரை அமைதி

மெற்றில்டாவின் காலில் கண்ணாடித் துண்டு ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. உணவுக்கூடத்திலிருந்து பணியறை வரைக்கும் அப்படியே நடந்து வந்திருந்தாள். பின்னால் வந்த ஷம்ஷாத்தான் கத்தினாள்.

"அக்கா, நில்லுங்க! கீழ பாருங்க!"

திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிறத் தரையில் வழிநெடுக சிவப்புத் தடம். யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்தத் தடம் தன்னிடம் வந்து முடிவதைப் பார்த்தாள்.

கலிஸ்டோ நிலையத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் மூன்று பேர்தான். மெற்றில்டா, ஷம்ஷாத், தேவசகாயம். பாதத்தின் உணர்வு மங்கிவிடக் கூடாது என்பதற்காக அவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு விதி. அவர்கள் வேலைக்கு 'பாதம்' என்று பெயர். மற்றவர்கள் கேலியாகப் பாதகர்கள் என்பார்கள்.

வியாழனின் பெரிய நிலாக்களில் வெளியே தள்ளி இருப்பது கலிஸ்டோ. உறைந்து, செத்து, சலனமில்லாமல் கிடக்கும் நிலா. அதனால்தான் மனிதர்கள் அதில் குடியிருக்க முடிந்தது. உள்ளே வியாழனை ஒட்டிச் சுற்றும் அயோ இதற்கு நேர் எதிர். வியாழன் ஒரு பக்கம் இழுக்க, மற்ற நிலாக்கள் மறுபக்கம் இழுக்க, அயோவின் வயிறு பிசைந்த மாவைப் போல ஓயாமல் புரண்டு சூடேறிக்கொண்டிருக்கும். அதன் மேலெல்லாம் எரிமலைகள். எரிமலை என்றால் கூம்பு மலை இல்லை. பெரும்பாலும் தரையில் விழுந்த வட்டப் பள்ளங்கள், செங்குத்துச் சுவரும் தட்டையான அடியுமாக. ஆதியில் படங்களைப் பார்த்தவர்கள் அவற்றுக்குத் தட்டு என்று பொருள்படும் ஏதோ ஒரு பெயரை வைத்திருந்தார்கள். நிலையத்துத் தமிழர்கள் தாம்பாளம் என்றார்கள்.

அப்படிப்பட்ட ஒரு தாம்பாளத்தின் கரையில், மலைக்குள் குடைந்த சுரங்கத்தில், நாற்பது பேர் வேலை செய்தார்கள். பாறைக்குழம்பின் சூட்டில் ஓடும் ஆலை அது. நிலையத்துக்கு வேண்டிய உலோகமெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. மெற்றில்டாவின் கணவன் அமலதாஸ் அந்த ஆலையில் குழாய் பொருத்துகிறவன்.

தாம்பாளம் நிறையக் குழம்பு ஏரி. பால் ஆறினால் ஆடை படிவது போல அதன்மேல் கரும்பாறை ஏடு படியும். ஏடு தடித்துக் கனம் கூடியதும் ஒரு ஓரத்தில் மடிந்து உள்ளே மூழ்கும். மூழ்கும் விளிம்பு ஏரியின் குறுக்கே ஊர்ந்துகொண்டே போக, அதன் பின்னால் புதுக் குழம்பு சிவந்து எழும். ஏரி புரளுகிறது என்பார்கள். சில முறை புரண்டதோடு அடங்கும். சில முறை கரை தாண்டும். வெளியே நின்றால் வியாழனின் கதிர்வீச்சு ஒரு நாளில் ஆளைத் தின்றுவிடும் என்பதால், நாற்பது பேரையும் விண்ணோடத்தில் ஏற்றிக் கிளப்புவது சுலபமில்லை. முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

அதற்குத்தான் நண்டு. எட்டுக் கால் இயந்திரம். கரையோரமாகத் தானே நடந்து திரியும். அதன் கால்கள் தொடுவதெல்லாம் சில விநாடிகளில் கலிஸ்டோவுக்கு வந்து, சாய்வுப் படுக்கையில் கிடக்கும் மெற்றில்டாவின் பாதங்களில் உறைக்கும். அவள் கழுத்தெலும்புக்குள் அதற்கான கம்பி புதைக்கப்பட்டிருந்தது. கந்தக உறைபனி நொறுங்குவதும், ஏட்டின் அடியில் குழம்பு தளும்புவதும் அவளுக்குத் தெரியும். பார்த்துவிட்டு, ஒலிவாங்கியில் இரண்டே வார்த்தை சொல்வாள்: கரை அமைதி.

மருத்துவர் தயாபரி கண்ணாடித் துண்டை எடுத்துத் தையல் போட்டாள். மரத்துப்போகச் செய்யும் ஊசி போடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி, அதிர்ந்து பேசாதவள்.

"நோகுதே?"

"இல்ல."

"இப்ப தைக்கிறன். நோகேல்லையே?"

"இல்ல டாக்டர்."

தயாபரி ஊசியைத் தட்டில் வைத்தாள். "எவ்வளவு காலமா இப்பிடி?"

"தெரியல. முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. ஆனா நண்டு நடந்தா தெரியும். அதான் பெருசா எடுத்துக்கல."

"மூளையிலை உங்கட பாதத்துக்கெண்டு ஒரு இடம் இருக்கு, மெற்றில்டா. அந்த இடத்தை நாங்கள் நண்டுக்கு வாடகைக்குக் குடுத்தம். வேலை முடிய அது வெளிக்கிட்டுப் போயிடும், நீங்கள் திரும்ப வந்து இருக்கலாம் எண்டு நினைச்சம். ஆனா அது போகேல்லை. இப்ப வீட்டுக்காரர் நீங்கள் வந்து தட்டுறியள், உள்ளுக்கை இருக்கிறவன் கதவைத் திறக்கிறான் இல்லை. விளங்குதே?"

"திரும்ப வருமா?"

"நிப்பாட்டினால் கொஞ்சம் வரலாம். நிப்பாட்டாட்டி இது மேலை ஏறும். முழங்கால், இடுப்பு, கை."

மெற்றில்டா தன் கால்களைப் பார்த்தாள். கட்டுப் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. அழகாகத்தான் இருந்தன.

போன விடுப்பில் அமலதாஸ் வந்திருந்தபோது, காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அவன் கால் அவள் கால்மேல் கிடந்தது. அவனை எழுப்பாமல், அந்தக் காலை இரண்டு கைகளாலும் தூக்கி நகர்த்தி வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வான். விட்டால் அந்த இடத்தில் படுக்க ஆளில்லை. புதிய ஆள் பூமியிலிருந்து வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. கீழே அயோவில் இருப்பதோ அவன்.

தயாபரி நிலையத் தலைவர் மணவாளனிடம் பேசினாள். மணவாளன் கெட்டவர் இல்லை. மெற்றில்டாவை அழைத்து, எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் உங்கள வற்புறுத்தல மெற்றில்டா. நீங்க நிறுத்தணும்னா நிறுத்திக்கலாம். ஆனா அயோ எப்பவுமே அதிர்ந்துக்கிட்டேதான் இருக்கு. கருவியை நம்பினா அது தினமும் ஆபத்துன்னு கத்தும். எந்த அதிர்வு சும்மா, எந்த அதிர்வு ஏரி புரளப் போறது, இது காலுக்குத்தான் தெரியுது. ஏன்னு எங்களுக்கே சொல்லத் தெரியல."

"நான் படுக்குறேன் சார்," என்றாள் மெற்றில்டா.

மாதங்கள் போயின. மரப்பு முழங்காலைத் தாண்டியது. குளிக்கும்போது தண்ணீர் சூடா இல்லையா என்று வயிற்றில் தெளித்துப் பார்த்தாள். பிறகு விரல் நுனிகளும் போயின. தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கிறோமா என்று பார்த்துப் பார்த்துப் பிடிக்கப் பழகினாள். பழகிவிட்டால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதற்காக அழ வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. உட்கார்ந்து பார்த்தாள். அழுகை வரவில்லை. எழுந்து வேலைக்குப் போனாள்.

படுப்பாள். கண்ணை மூடுவாள். கரை அமைதி என்பாள்.

அன்று ஏனோ கண்ணைத் திறந்திருந்தாள். எதிரே திரையில் நண்டின் கண் காட்டும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் தரை, அதற்கப்பால் கறுத்த ஏரி, வானத்தில் பிரம்மாண்டமாக வியாழன். திடீரென்று காட்சி சாய்ந்தது. நண்டின் முன்கால் இரண்டும் ஏட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. பிளவுக்குள் சிவப்பு தெரிந்தது. நண்டு மற்றக் கால்களை ஊன்றி, உதறி, பின்வாங்கி எழுந்து நின்றது.

மெற்றில்டாவின் பாதத்தில் ஒன்றும் இல்லை.

சில விநாடி தாமதம் இருக்கும் என்று காத்திருந்தாள். அந்த விநாடிகள் கழிந்தன. இன்னும் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

நேற்று அமைதி என்று சொன்னது நினைவு வந்தது. அதற்கு முந்தைய நாளும் சொன்னாள். அன்றைக்கெல்லாம் ஏதாவது தெரிந்ததா? நினைத்துப் பார்த்தாள். அமைதியும் ஒன்றுமில்லாததும் எந்த நாளில் இடம் மாறிக்கொண்டன என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒலிபெருக்கியில் மணவாளனின் குரல் கேட்டது. "நண்டு தடுமாறுச்சே, பார்த்தோம். கரை எப்படி?"

"கரை..." என்று தொடங்கி நிறுத்தினாள். சொல்வதற்கு வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. "எனக்குத் தெரியல சார்."

"தெரியலன்னா? அமைதியா, இல்லையா?"

"அமைதின்னா அது தெரியும் சார். தூங்குற மாட்டு வயித்துல கை வச்ச மாதிரி, மெதுவா ஏறி எறங்கும். இது அது இல்ல. இது ஒண்ணுமே இல்ல."

"எவ்வளவு நாளா?"

"அதுதான் தெரியல."

மணவாளன் உடனே மற்ற இருவரையும் வரவழைத்தார். தேவசகாயம் மூவரில் மூத்தவர், முன்பு பாறை ஆய்வு செய்தவர். வந்தவர் மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்தார். கேள்வியைக் கேட்கும் முன்பே தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் போயிருச்சு சார். ரொம்ப நாளாச்சு. மெற்றில்டாவுக்குத் தெரியுதேன்னு நெனச்சேன். அவ முறை முடிச்சிட்டு அமைதின்னு சொல்லிட்டுப் போவா. அதுக்கப்புறம் என் முறை. நானும் அமைதின்னு சொல்லுவேன்."

ஷம்ஷாத் சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் அண்ணன் சொல்றத வச்சுத்தான் சார் சொன்னேன். அவருக்கு அனுபவம் ஜாஸ்தின்னு..."

"நான் ஷம்ஷாத்துக்குப் பின்னாடிதான் படுப்பேன்," என்றாள் மெற்றில்டா.

மணவாளன் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது பேர் தலைக்கு மேல் எத்தனையோ மாதமாகக் காவலே இல்லை. யாரையும் திட்டுவதற்கு அவருக்கு வாய் வரவில்லை. ஆலையை நிறுத்தச் சொன்னார். ஓடங்களை அனுப்பச் சொன்னார்.

நாற்பது பேரும் கலிஸ்டோ வந்து சேர்ந்தார்கள். அமலதாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கந்தக வாடையோடு அறைக்குள் வந்தான். மெற்றில்டா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கப்பிடாதா?"

"சொன்னா விடச் சொல்லுவிய."

"சொல்லாம இருந்து இப்போ என்ன? கரை அமைதியாத்தான் கெடந்துச்சு. ஆல நின்னுபோச்சி. பயலுவல்லாம் எம்மூஞ்சிய ஒரு மாதிரி பாக்கானுவ."

அவன் சொன்னது உண்மை. உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒன்றுமே நடக்காத ஏரிக்காக ஆலையை மூட வைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதிலும் விழுந்தது. விழுந்ததோடு சரி.

சில வாரங்களில் ஏரி புரண்டது.

எல்லோரும் கூடத்துத் திரையின் முன் நின்று பார்த்தார்கள். முதலில் மேற்கு ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. கோடு அகன்றது. ஏடு பாளம் பாளமாக நிமிர்ந்து, கவிழ்ந்து, மூழ்கியது. அந்தக் கோடு ஏரியின் முழு அகலத்துக்கும் நீண்டு, நிதானமாக ஆலை இருந்த கரையை நோக்கி வந்தது. கரையில் நிற்கவில்லை. வெளிக்கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுரங்க வாயில் ஒரு தடவை ஒளிர்ந்தது, பிறகு அங்கே வாயில் இல்லை. நண்டு அனுப்பிக்கொண்டிருந்த காட்சி கடைசி வரை ஆடாமல் இருந்து சட்டென்று இருண்டது. கருவிகள் வழக்கம்போலத்தான் கத்தியிருந்தன, மற்ற நாட்களைவிட ஒரு துளிகூட அதிகமாக இல்லை.

ஆலையில் சமையல் பார்த்த பெண்ணொருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மெற்றில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். மெற்றில்டா குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் இறுக்கமாகத்தான் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

நிலையம் பிழைத்திருக்க வேண்டுமானால் ஆலை வேண்டும். மலைக்குள் ஆழத்தில் இருந்த இயந்திரங்கள் கெடவில்லை, மலையின் மறுபக்கத்திலிருந்து வழி குடையலாம் என்றார்கள். கருவிகளை நம்ப முடியாது என்பதைத்தான் அந்தப் புரளல் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போயிருந்தது. ஆகவே புதிய நண்டு வேண்டும். புதிய பாதமும் வேண்டும். கூட்டம் கூட்டி மணவாளன் விளக்கினார்.

"இது புது முறை. ஒரு பாதத்துல மட்டும்தான் இணைப்பு. முறை நேரமும் குறைவு. பழைய தவறு இதுல வராது."

தயாபரி எழுந்தாள். "முறை புதுசு, சரி. மூளை பழசுதானே? நான் கழுத்தை வெட்டிக் கம்பி வைக்கமாட்டன்."

அவள் சொன்னபடியே மறுத்தாள். அடுத்த கப்பலில் வந்த வேறு மருத்துவர் வெட்டினார்.

மெற்றில்டாவை உணவுக்கூடத்தில் கீரைத் தொட்டிகளைப் பார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அன்று வேலை முடிந்து அறைக்கு வந்தபோது அமலதாஸ் கட்டிலில் படுத்திருந்தான். கழுத்தடியில் வெள்ளைக் கட்டு. எங்கே வெட்டினால் எங்கே கட்டுப் போடுவார்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யார்ட்ட கேட்டுச் செஞ்சிய?"

"உங்கிட்ட கேட்டா விடுவியா?" அவன் சிரிக்கப் பார்த்தான். "மத்தவனுவல்லாம் மறுபடி கீழ போறானுவ மெற்றி. வேற எங்க போவானுவ? நீ எனக்காவ படுத்துக் கெடந்த. அவனுவளுக்குன்னு ஒருத்தன் படுக்காண்டாமா?"

கோபம் வரும் என்று அவள் நின்றாள். அவன் முகத்தில் அறைய வேண்டும் என்றுகூட நினைத்தாள், கை கிடந்தபடி கிடந்தது. பிறகு அவனுக்குக் கஞ்சி வைக்கப் போனாள்.

முதல் நாட்களில் அவன் புதுச் சட்டை போட்ட பையனைப் போல இருந்தான். வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பேசத் தொடங்குவான்.

"ஏளா, அந்த ஒறபனி மேல கால் வைக்கும்போ, நம்ம ஊர் உப்பளத்துல ஓடுன மாதிரியே நறநறங்கு மெற்றி. அதுக்கடியில கொழம்பு தளும்புது பாரு, நங்கூரம் போட்ட வள்ளத்துல நிக்குத மாதிரி. இவ்வளவு நாளு அது மேல வேல பாத்துருக்கேன், ஒரு நாளும் தெரியல."

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் சொல்வதெல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்த விஷயங்கள்தான். யாரோ சொல்லிக் கேட்ட ஊரைப் போல அவை இப்போது தூரத்தில் இருந்தன.

அவன் வேலை முடிந்து வந்ததும் அவனுடைய வலது பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதை ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"குதிங்காலு. தெரியுதுளா, விடு."

ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. அமலதாஸைத் தவிர மற்ற எல்லோரும் கீழே இறங்கினார்கள். சமையல்காரப் பெண்ணும் போனாள். ஒலிபெருக்கியில் முறைக்கு ஒருதரம் அமலதாஸின் குரல் கேட்கும், கரை அமைதி என்று. கேட்டுவிட்டு நிலையம் தன் வேலையைப் பார்க்கும். நாளாக நாளாக, வந்ததும் பேசுவதை அவன் குறைத்துக்கொண்டான். களைப்பு என்றான்.

அன்றும் அப்படித்தான் வந்து கண்ணை மூடிப் படுத்தான். மெற்றில்டா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவள் மனமெல்லாம் வேறெங்கோ இருந்தது, கீரைத் தொட்டியில் விழுந்திருந்த பூஞ்சையைப் பற்றி.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"ம். தெரியுது."

அவள் தன் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.

கை மெத்தையின் மேல் இருந்தது. அவன் பாதத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

அவனுடைய மூடிய கண்களைப் பார்த்தாள். முகத்தில் பொய் சொல்கிற களை எதுவும் இல்லை. தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"நான் தொடவே இல்ல," என்றாள்.

அமலதாஸ் கண்ணைத் திறந்தான். அவள் கையைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான்.

"எவ்வளவு நாளா?"

"சரியாத் தெரியல," என்றான்.

"நண்டு நடக்குறது?"

அவன் போர்வையை இழுத்துக் காலை மூடினான். அவள் எழுந்து சுவரில் இருந்த பேசும் கருவியை நோக்கிப் போனாள்.

"மெற்றி, கொஞ்சம் பொறு. இப்போ சொன்னா வேற ஒருத்தன் காலத்தான் கேப்பாவ. அடுத்த கப்பல் வரட்டும், நானே சொல்லுதேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் அவள். குரலில் கடுமை இல்லை.

விரலைப் பொத்தானின் மேல் வைத்தாள். அது அமுங்குகிறதா என்று விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது.

"மணவாளன் சார், மெற்றில்டா பேசுறேன். கீழ இருக்கிறவங்கள மேல வரச் சொல்லுங்க."

"ஏன்? ஏரி புரளப் போகுதா?"

அவள் திரும்பி அமலதாஸைப் பார்த்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து, தன் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தெரியல சார்," என்றாள். "யாருக்குமே தெரியல."